பட்டியலில் இல்லாத ஜன்னல்

படுக்கையறை ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் அவளுக்குச் சுவர்தான் தட்டும். பக்கத்துக் கிடங்கின் பின்சுவர். பூச்சு உதிர்ந்து, மழைத் தண்ணீர் கோடு கோடாக இறங்கி, நடுவில் ஒரு விரிசல். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் குடிவந்தபோது அந்த விரிசல் ஒரு சாண்தான் இருந்தது. பிறகு கால் முளைத்து, முதுகில் திமில் எழும்பி, இப்போது கச்சிதமாக ஒரு ஒட்டகம். தினமும் பார்த்துப் பார்த்துத் தானேதான் அந்த ஒட்டகத்தை வளர்த்துவிட்டோமோ என்று அவளுக்குச் சில நாள் சந்தேகம் வரும்.

வேலை செய்த இடமும் அதே லட்சணம்தான். பெரிய ஆஸ்பத்திரியின் துணியறை, தரைக்குக் கீழே. சலவையிலிருந்து வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை சிகிச்சை அங்கி எல்லாவற்றையும் மடித்து, வார்டு வார்டாக அனுப்புவது அவள் பொறுப்பு. முப்பத்தொரு வருஷம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. வெளியே மழை பெய்கிறது என்பதை, துணி வாங்க வரும் ஆயாக்களின் செருப்பு ஈரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

"மேல மழையா?"

"காலையிலேர்ந்து கொட்டுதுக்கா. உங்களுக்கு இப்பத்தான் தந்தி வந்துச்சா?"

ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குப் பேர் துணியறை அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த பெரிய டாக்டரும் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்.

அவள் கணவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்பார்கள். பதினெட்டுக் கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் கையில். பகல் முழுக்க லிஃப்ட் குழிக்குள்ளோ, மொட்டை மாடி மோட்டார் அறைக்குள்ளோ எண்ணெய்க் கையோடு நிற்கும் வேலை. புருஷன் பெண்சாதி இரண்டு பேருமே வெயில் படாமல் சம்பாதித்தார்கள். ஒரே மகள், கல்யாணமாகிப் போய்விட்டாள். லிஃப்ட் கம்பெனியில் ஓய்வூதியம் கிடையாது. உட்கார்ந்து சாப்பிட ஏதாவது வழி பண்ண வேண்டும் என்ற பேச்சு, இரண்டு பேருக்கும் ஐம்பதை நெருங்கும்போது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் வீட்டுத் தரகர் ஒரு யோசனையோடு வந்தார். இடுப்பில் எப்போதும் ஒரு கிலோ சாவி தொங்கும் ஆள். அதனால் அவருக்குச் சாவிக்கொத்து என்று பேர்.

"அக்கா, வெறும் வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டா ஆள் தேடி அலையணும். சாமானோட விடுங்க. கட்டில், மெத்தை, ஃப்ரிட்ஜ், கரண்டி எல்லாம் உள்ள இருக்கணும். மாத்தலாகி வர்றவங்க ஒரு பெட்டியோட வந்து இறங்குவாங்க. வாடகை ஒண்ணரை மடங்கு. போறப்பவும் அந்த ஒரே பெட்டியோட போயிடுவாங்க. ஆணியடிச்சு சுவரை நாசம் பண்ண மாட்டாங்க."

முதலில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரே ஒரு அறை வாங்கினார்கள். கட்டில், மேஜை, அலமாரி போட்டு நர்ஸுகளுக்கு விட்டார்கள். அது ஒரு நாள்கூடக் காலியாகக் கிடக்கவில்லை. அந்தத் தெம்பில்தான் ஏழு வருஷம் கழித்து வங்கிக் கடன் போட்டு, ஏழாவது மாடியில் அந்த வீட்டை வாங்கினார்கள். அந்தக் கட்டடத்து லிஃப்ட் அவர் பொறுப்பில் இருந்ததால், விற்பனைக்கு வருகிற சேதி அவர் காதில் முதலில் விழுந்தது.

வீடு பார்க்கப் போன அன்று சாவிக்கொத்து கதவைத் திறந்ததும் லிஃப்ட்காரர் நேராக மின்சாரப் பெட்டியிடம் போனார். அவள் நேராக ஜன்னலிடம் போனாள். அப்புறம் சமையலறை எவ்வளவு பெரிசு, குளியலறைக்கு எங்கே கதவு என்று யார் கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கீழே ரயில் பெட்டிகளைக் கழுவுகிற யார்டு. பத்துப் பன்னிரண்டு தண்டவாளம் பக்கம் பக்கமாக ஓடியது. ஊர் ஊராகச் சுற்றி அழுக்காகி வந்த பெட்டிகள் வரிசையில் நின்றன. இரண்டு பக்கமும் தண்ணீர்க் குழாய்கள் சீறின. மஞ்சள் சட்டைக்காரர்கள் நீளக் கம்புத் துடைப்பங்களால் தேய்த்தார்கள். யார்டுக்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. வானம் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. கண் அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வரலாம் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்."

"இரு, எர்த் வயர் சரியில்லை" என்றார் அவர்.

வீட்டுக்குச் சாமான் வாங்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். நாற்காலிக் கடையில் ஒவ்வொன்றிலும் சாய்ந்து, கண்ணை மூடி, பத்து நிமிஷம் உட்கார்ந்தாள். "வாங்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களாம்மா?" என்று கடைக்காரர் கேட்டே விட்டார். கடைசியில் பிரம்பு முதுகும் தாழ்ந்த கையும் உள்ள ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்தாள். உட்கார்ந்தால் கண் மட்டம் ஜன்னல் விளிம்புக்கு மேல் சரியாக நாலு விரற்கடை இருக்க வேண்டும் என்று முழங்கையால் அளந்து வாங்கினது. குடிவருகிறவர்களுக்காக என்று கடைக்காரரிடம் சொன்னாள். தனக்குத்தானேயும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

சாமான் பட்டியலையும் அவளே எழுதினாள். துணியறைக் கை, ஒன்றும் தப்பாது. மொத்தம் அறுபத்தொன்று. ஸ்பூன் ஆறு, வாளி இரண்டு, மிதியடி மூன்று. இருபத்தெட்டாவது: ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி, ஒன்று. குடிவருகிறவர் ஒவ்வொன்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாவிக்கொத்து அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"டீ வடிகட்டிகூட இருக்கு. ஜன்னலை மட்டும் விட்டுட்டீங்களேக்கா!"

"அதை யார் தூக்கிட்டுப் போகப் போறாங்க தம்பி" என்றாள்.

ஆனால் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். ஒவ்வொருத்தரும் பதினோரு மாசத்துக்கு.

முதலில் வந்தவர் கம்ப்யூட்டர்க்காரர். திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று திரைச்சீலையைப் போட்டவர் போகும்போதுதான் விலக்கினார். அடுத்து வந்த புதுத் தம்பதி, ஜன்னல் முழுக்கக் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். மூன்றாவது ஆள் அலமாரியை நகர்த்தி ஜன்னலுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். அவரிடம் ஒரு தடவை போனில், எல்லாம் சௌகரியமா என்று கேட்கிற சாக்கில் மெல்ல விசாரித்தாள்.

"ஜன்னலெல்லாம் எப்படி இருக்குங்க?"

"நல்லா மூடுதுங்க" என்றார் அவர்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

லிஃப்ட்காரருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு லிஃப்ட்டைப் பழுது பார்த்தால், முதலில் தான் ஏறி மேலும் கீழும் பத்துத் தடவை போய் வந்த பிறகுதான் மற்றவர்களை ஏறவிடுவார். வீட்டுக்கும் அதே சட்டத்தைப் போட்டார். "நாம ஒரு நாள் இருந்து பார்க்காத வீட்டுல யாரையும் வைக்கக் கூடாது." அதனால் ஒருத்தர் காலி செய்து அடுத்தவர் வருவதற்கு முன்னால், இரண்டு பேரும் பை தூக்கிக்கொண்டு ஏழாவது மாடிக்குப் போவார்கள். எல்லாக் குழாயையும் திறந்து, எல்லா விளக்கையும் போட்டு, அங்கேயே சமைத்து, அந்த மெத்தையிலேயே படுத்து எழுந்து வருவார்கள். அதற்குச் சோதனை நாள் என்று பேர்.

அவருக்கு அது ஒரு வேலை. அவளுக்கோ, பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை வருகிற நாள். ரயில் கழுவுவது காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். ஏழு மணிவாக்கில் வெயில் ஆற்றைத் தாண்டி வந்து ஈரப் பெட்டிகள்மேல் சாய்வாக விழும். அந்த நேரத்துக்கு அவள் டீயோடு இருபத்தெட்டாவது சாமானில் உட்கார்ந்திருப்பாள். வாழ்நாளில் மொத்தம் மூன்று காலை அப்படிக் கிடைத்திருந்தது.

இந்த வருஷம் அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரத்தை மாட்டிவிட்டுப் பார்த்தால், பகல் முழுக்க அவளும் ஒட்டகமும்தான். ஆறு மாசம் ஓடியது. அலமாரியை நகர்த்திய ஆள் காலி செய்கிறார் என்று சேதி வந்த அன்றே அவள் பையை எடுத்து வைத்துவிட்டாள்.

"நாளைக்குத்தானே சோதனை?" என்றார் லிஃப்ட்காரர்.

"சும்மா, மறந்துடக் கூடாதுன்னு."

முதல் நாள் ஒழுங்காகவே நடந்தது. அலமாரியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்கள். குழாய், விளக்கு, ஃப்ரிட்ஜ் எல்லாம் சரி. மறுநாள் காலை ரயில் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மணி ஒன்பதானதும் பையை எடுத்தாள். எடுத்தவள் கீழே வைத்தாள். குளியலறைக்குப் போய், பாத்திரம் துலக்கும் துணியைச் சுற்றிப் பிடித்துக் குழாயின் தலையைக் கால் திருகு தளர்த்தினாள். அது சொட்டு சொட்டென்று சொட்டியது. வேலைக்குக் கிளம்பிப் போயிருந்த கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, குளியலறைக் குழாய் ஒழுகுது."

"நேத்து பார்த்தேனே!"

"நேத்து ஒழுகலை. இன்னிக்கு ஒழுகுது."

சாவிக்கொத்திடமும் சொல்லிவிட்டாள். வீடு பார்க்க ஒரு அம்மா வருவதாக இருந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் அதிகாரி, மாற்றலாகி வந்திருக்கிறார். நாளைக்கு வரச் சொல்லலாம் என்றாள். சாயங்காலம் லிஃப்ட்காரர் வந்து குழாயைச் சரிசெய்தார். அதற்குள் நேரமாகிவிட்டது. அங்கேயே தங்கினார்கள். அவளுக்கு ஒரு காலை கூடுதலாகக் கிடைத்தது.

அடுத்த நாள் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றின் கால் ஆடியது.

"மூணு வருஷமா ஆடாத காலு" என்று அவர் அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். திருகாணியின் தலையில் புதுக் கீறல் பளபளத்தது. நகம் வெட்டியின் முனையால் வந்த கீறல். அவர் அதை விரலால் தடவினார். முறுக்கி வைத்துவிட்டு, "நாளைக்கு எது ஆடப் போகுதோ" என்று மட்டும் சொன்னார்.

சாவிக்கொத்து போனில் மூக்கால் அழுதார். "அக்கா, அது கோடவுனா, வீடா? தினம் ஒண்ணு உடையுது. அந்தம்மா வேற வீடு பார்த்துடுவாங்க."

"நல்லாச் செஞ்சு குடுக்கணும்ல தம்பி. நாளைக்கு வரச் சொல்லுங்க."

அதற்கு மறுநாள் திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. அவர் அதையும் ஏறி மாட்டினார். ஏணியிலிருந்து இறங்கும்போது அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

அதற்கடுத்த நாள் காலையில், அவள் எதையும் தொடாமலே, வெந்நீர்ப் பெட்டி புகைந்து நின்றுபோனது. அன்று அவருக்கு விடுமுறை. குளிக்கப் போனவர் துண்டோடு வெளியே வந்தார்.

"ஏம்மா, இதையும் கழட்டிட்டியா?"

"ஐயோ சத்தியமா, இது நான் இல்லீங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தது, இரண்டு நாளைக்கு முன்னால் கால் ஆடிய அதே நாற்காலி.

"அப்ப மத்ததெல்லாம்?"

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"நாற்காலிக்கு நகம் வெட்டியா போட்டே? ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனே. திருகாணி தலையே போச்சு."

"திட்டுறதுன்னா நேராத் திட்டுங்க."

"எதுக்கு இதெல்லாம்? கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா இருக்க விட்டிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "மாட்டேன்" என்றார். "தவணை இன்னும் எட்டு வருஷம் இருக்கு. வாடகை வந்தாத்தான் கட்ட முடியும். எட்டு வருஷம் போகட்டும், வந்து இங்கேயே இருந்துடலாம். நானே உன்னைத் தூக்கிட்டு வந்து உட்கார வைக்கிறேன்."

"எட்டு வருஷம் கழிச்சு ஜன்னல் இருக்கும். பார்க்க எனக்குக் கண்ணு இருக்குமா? இல்ல, தூக்கிட்டு வர உங்களுக்கு முழங்கால்தான் இருக்குமா?"

அவர் எழுந்து ஜன்னலோரம் வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த ஜன்னலுக்கு வந்தது தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடத்தான். கீழே ஒரு பச்சைப் பெட்டி நுரையோடு நின்றது. குழாய் திறந்ததும் நுரை வழிந்து, உள்ளிருந்து பளிச்சென்று பச்சை வந்தது.

"ஒவ்வொண்ணும் எங்கெங்கேயோ போய் எவ்வளவு அழுக்கோட வருது பாருங்க" என்றாள் அவள். "அரை மணி நேரத்துல புதுசாகிக் கிளம்பிடுது. முப்பத்தொரு வருஷம் நானும் இதே வேலைதான் செஞ்சேன். ஆனா துணியெல்லாம் எங்கே போச்சுன்னு ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல."

அடுத்த பெட்டியும் கழுவி முடிகிற வரைக்கும் அவர் அங்கேயே நின்றார்.

"சரி. நாளைக்கு அந்தம்மா வீடு பார்க்க வர்றாங்க. அவங்களுக்குப் பிடிக்கலைன்னா ஒரு மாசம் யாருக்கும் விட வேண்டாம். ஒரு தவணையை நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன். அந்த ஒரு மாசம் உன்னது. போதுமா?"

ஒரு மாசம். முப்பது காலை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"பிடிக்காம போகணும்னு நீ ஏதாவது செஞ்சேன்னா எனக்குத் தெரியாது" என்றார் அவர், வெந்நீர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டே. "நகம் வெட்டியை மட்டும் தொடாதே."

மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரியம்மா ஏழரைக்கே கதவைத் தட்டினாள். நாற்பது வயதிருக்கும். தோளில் கறுப்புப் பை, கையில் குடை.

"மன்னிக்கணும். ஆபீசுக்கு முன்னாடி பார்த்துடலாம்னு வந்தேன். தரகர் கீழே போன் பேசிட்டு இருக்கார், அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆகிடுவேன். நீங்க?"

"வீடு எங்களுதுதான்மா. வாங்க."

வந்தவள் வீடு பார்ப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவள். மெத்தையை முகர்ந்தாள். நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். குழாயைத் திறந்து, மூடி, கீழே குனிந்து காத்திருந்தாள். எதுவும் ஆடவில்லை, எதுவும் சொட்டவில்லை. இரண்டு தடவை சோதித்த சாமான்கள்.

"வெந்நீர்ப் பெட்டி மட்டும் நேத்து போயிடுச்சு. இன்னிக்கு மாத்திடுவார்" என்று அவளே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, இவ்வளவு சாதுவாக ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதிகாரியம்மா சமையல் மேடையில் இருந்த டீப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"ஒன்பது வருஷத்துல பதினோரு வீடும்மா. எல்லாம் சாமானோட வீடு. எல்லாத்துலயும் கட்டில் இருக்கும், கரண்டி இருக்கும். ஆனா ஆள் இருந்த வாசனையே இருக்காது, பொருட்காட்சி மாதிரி. ஒரு படம் மாட்ட ஒரு ஆணி அடிச்சதில்ல. இங்கதான் முதல் தடவையா அடுப்புல டீயைப் பார்க்கிறேன்." சொல்லிவிட்டு நேராகக் கேட்டாள். "குறை ஏதாவது இருந்தா நீங்களே சொல்லிடுங்க. தரகர் வாய்ல அதெல்லாம் வராது."

இதோ, வாசல் அகலமாகத் திறந்தாகிவிட்டது. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஆறு மணியிலிருந்து யார்டுச் சத்தம். காற்று திரும்பினால் சோப்புத் தண்ணீர் நெடி. மத்தியானம் வெயில் சுள்ளென்று உள்ளே அடிக்கும். மூன்றும் நிஜம். மூன்றையும் சொன்னால் முப்பது காலை.

"காலையில சத்தம் இருக்கும்மா" என்று ஆரம்பித்தாள். "ஆறு மணிக்கெல்லாம் ரயிலைக் கழுவ ஆரம்பிச்சுடுவாங்க. தூங்க முடியாது."

"எப்படிச் சத்தம்? ஹாரனா?"

"ஹாரன் இல்ல. தண்ணி சீறுற சத்தம். முதல்ல வலது பக்கக் குழாய் திறப்பாங்க, உஸ்ஸுன்னு வரும். அப்புறம் இடது பக்கம். ரெண்டும் சேர்ந்தா பெருமழை மாதிரி இருக்கும். நடுவுல அந்த மஞ்சள் சட்டைக்காரங்கள்ல ஒருத்தர் பாடுவார். என்ன பாட்டுன்னு கேட்காது, ராகம் மட்டும் மேல வரும். சில நாள் நீலப் பெட்டி நிறைய வரும், அதுல அழுக்கு ஜாஸ்தி. ஏழு மணிக்கு வெயில் ஆத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வரும் பாருங்க, அப்ப ஈரப் பெட்டியெல்லாம்…"

நிறுத்திக்கொண்டாள். காலம் கடந்துவிட்டது. அதிகாரியம்மா குடையை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போயிருந்தாள். பிரம்பு நாற்காலியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், கேட்காமலே உட்கார்ந்தாள். கீழே இரண்டு பக்கக் குழாயும் ஒன்றாகச் சீறின. ஆபீசுக்கு நேரமாகிறது என்று வந்தவள் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

"வேற என்ன குறை?" என்று திரும்பாமலே கேட்டாள்.

சோப்பு நெடியும் மத்தியான வெயிலும் துணியறை அக்காவின் தொண்டை வரைக்கும் வந்தன. இந்த ஜன்னலைப் பார்த்து, மூடுகிறது திறக்கிறது என்பதைத் தவிர வேறு ஏதாவது சொல்லக்கூடிய ஒரு ஆள் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய் இந்த ஜன்னலைப் பற்றிக் கோள் சொல்ல நாக்கு வரவில்லை.

"மத்தியானம் கொஞ்சம் வெயில் வரும்" என்றாள் மெதுவாக. "பருத்தித் திரை போட்டா வெளிச்சம் பால் மாதிரி இருக்கும். நான் வாங்கித் தரேன்."

"மூணு வருஷம் மாத்தல் கிடையாதுன்னு எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன். மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவீங்களா?" என்றாள் அதிகாரியம்மா. "ஒரே ஒரு ஆணி மட்டும் அடிச்சுக்கறேன்."

"ரெண்டு அடிச்சுக்கோங்க" என்றாள் அவள்.

பட்டியலை எடுத்து வந்தாள். அறுபத்தொன்றையும் பார்த்துக் கையெழுத்தானது. இருபத்தெட்டாவதில் மட்டும் பேனா ஒரு நொடி நின்றது. "இது நீங்க உங்களுக்காக வாங்கினது இல்லையே?"

"குடிவர்றவங்களுக்காகத்தான் வாங்கினேன்" என்றாள் அவள். இந்தத் தடவை அது உண்மை மாதிரியே இருந்தது.

மேலே வந்து சேர்ந்த சாவிக்கொத்துக்கு நடந்ததை நம்ப முடியவில்லை. அதிகாரியம்மா கிளம்பும்போது, "எப்ப வேணும்னாலும் வந்து பாருங்கம்மா" என்றாள். அது மரியாதைக்குச் சொல்வது. சொந்தக்காரர் முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. அதை எழுத வைத்ததே துணியறை அக்காதான். பணம் கொடுத்து இருக்கிறவர்களை யாரும் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். சாயங்காலம் லிஃப்ட்காரர் வந்தபோது, ஒட்டகத்துக்கு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பிடிச்சுதாமா அவங்களுக்கு?"

"மூணு வருஷத்துக்கு எடுத்துட்டாங்க."

அவர் கழற்றிய சட்டையோடு அப்படியே நின்றார். "மூணு வருஷமா! குறை ஒண்ணும் சொல்லலியா நீ?"

"சொன்னேனே. காலையில ரயில் சத்தம் வரும்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"சந்தோஷப்பட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, பாதியில் அது வேறு ஏதோவாக மாறப் பார்த்ததும், கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் படுக்கையறை ஜன்னலைத் திறந்து கையை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் அதையும் அவர் அன்றுதான் செய்தார்.

பத்து நாள் போயிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சாதாரணமாகக் கேட்டார். "புதன்கிழமை காலையில உனக்கு வேலை ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன வேலை."

"அந்தக் கட்டடத்துல லிஃப்ட் பார்க்கணும். மாசத்துக்கு ஒரு தடவை, முதல் புதன். ஏழாவது மாடியில கதவு சென்சார் ஒரு மாதிரி இருக்கு. கூட ஒரு ஆள் இருந்தா நல்லது."

லிஃப்ட்டுக்கு இன்னொரு ஆள் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஃப்ளாஸ்கில் டீ போட்டு எடுத்துக்கொண்டாள்.

ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவுக்கு எதிரே, நடைபாதைச் சுவரில் ஒரு ஒடுக்கமான ஜன்னல் உண்டு. காற்றுக்காக வைத்தது, ஒன்றரைச் சாண் அகலம். இத்தனை வருஷம் அந்தக் கட்டடத்துக்கு வந்து போனவள் அதைக் கவனித்ததே இல்லை. கண் எப்போதும் வீட்டுக் கதவில்தான் இருக்கும். லிஃப்ட்காரர் 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையை மாட்டினார். கருவிப் பெட்டியை அந்த ஜன்னலுக்குக் கீழே வைத்து, அதன்மேல் ஒரு துணியை நாலாக மடித்துப் போட்டார். மடிப்பு கோணல். அவள் அதை எடுத்து உதறி, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு மாதிரி மூலையை இறுக்கி மடித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அது முதல் மாசா மாசம் அதே கதைதான். கட்டடத்துச் செயலாளர் ஒரு நாள் படியேறி மூச்சு வாங்க வந்து சத்தம் போட்டார்.

"பதினோரு மணிக்கு வர்ற ஆளு, இப்ப ஏன்யா ஏழு மணிக்கே வந்து உயிரை வாங்கறீரு? எல்லாரும் ஆபீஸ் போற நேரம். அதுவும் ஏழாவது மாடியில மட்டும் முக்கால் மணி நேரம் அப்படி என்னதான் கோளாறு?"

"ஏழாவது மாடி கொஞ்சம் நேரமெடுக்குங்க" என்றார் லிஃப்ட்காரர், கதவு இடுக்கிலிருந்து தலையை எடுக்காமல். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், இதைச் சுலபமாகச் சொன்னார்.

அந்த ஜன்னலில் ஒரு சமயத்தில் ஒரு பெட்டியும் அடுத்ததில் பாதியும்தான் தெரியும். ஆறு தெரியாது. அவள் கழுத்தை வளைத்து, கன்னத்தைச் சுவரோடு அழுத்தி, மறைந்திருக்கும் மற்றப் பாதியை எட்டிப் பார்க்கப் பார்ப்பாள். எட்டாது. டீ ஆறிக்கொண்டிருக்கும். வெயில் ஆற்றைத் தாண்டி வந்துவிட்டது என்பதை, ஈரப் பெட்டியின் விளிம்பு மஞ்சளாவதை வைத்துத் தெரிந்துகொள்வாள்.

ஏழு மணிக்கு, மூடியிருக்கும் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். பிரம்பு முதுகு முனகும். இழுபடுவது ஜன்னல் பக்கமாகத்தான். அது தரையில் எத்தனை அடி போய் எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். நின்றதும் அவளும் கன்னத்தைச் சுவரிலிருந்து எடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, டீயை ஊற்றிக்கொள்வாள்.